நம்பர் ப்ளீஸ்!

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், 1880களின் கடைசியில், ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர் சவ அடக்கம் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் திரும்பி வந்து குறை சொல்லாத உத்தமமான தொழில். ஆனாலும் மனிதருக்கு நிம்மதியில்லை. ஊரில் சாவு விழுகிறது, இவர் கடை ஃபோன் மட்டும் அடிப்பதில்லை. விசாரித்தால், எக்ஸ்சேஞ்சில் ஒயர் செருகும் அம்மணி போட்டிக் கடைக்காரரின் மனைவி! ஸ்ட்ரோஜரைக் கேட்டு அழுதவர்களை எல்லாம் அவர் தன் வீட்டுக்காரர் பக்கமே திருப்பிவிட்டார் என்பது தொலைபேசித் துறையின் தலபுராணம்.

வேறொருவராக இருந்தால் கம்பெனி வாசலில் போய்க் கத்தியிருப்பார். ஸ்ட்ரோஜர் ஆபரேட்டர் உத்தியோகத்தையே ஒழித்துக்கட்டக் கிளம்பினார். 1891-ல் காப்புரிமை வாங்கினார். 1892-ல் இந்தியானா மாநிலத்து லா போர்ட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். 67-ஆம் நம்பர் வேண்டுமா? ஒரு பொத்தானை ஆறு தடவை, இன்னொன்றை ஏழு தடவை அமுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் ஓர் இரும்புக் கை அதற்கேற்ப நகர்ந்து உரிய ஒயரைத் தொடும். யாருக்கும் மனைவியாக இல்லாத கை.

1896-ல் அந்தக் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றார். 1916-ல் அவை 25 லட்சம் டாலருக்குக் கைமாறின. அதற்கு வெகுமுன்பே, 1902-ல், ஸ்ட்ரோஜர் தன் பழைய தொழிலுக்கே வாடிக்கையாளராகியிருந்தார்.

அடுத்த கூத்து, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல் கம்பெனியின் உபயம். வெளியூர் லைன்களில் பேச்சு போகும் அதே பாதையில்தான் எக்ஸ்சேஞ்சுகளின் உத்தரவுகளும் போயின. 2,600 ஹெர்ட்ஸ் ஓசை கேட்டால் லைன் சும்மா கிடக்கிறது என்று பொருள். ஓசை எழுப்பியது எக்ஸ்சேஞ்சா, எதிர்வீட்டுப் பையனா என்று பார்க்க ஏற்பாடில்லை. ஜோ எங்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் ஏழு வயதில் விசிலடித்தே லைனைத் துண்டித்தான். ஒரு காலைத் தீனி டப்பாவில் இலவசமாகக் கிடைத்த பொம்மை விசிலும் அதே சுருதியில் ஊதியது. மீதி ரகசியங்களையாவது கம்பெனி காப்பாற்றியதா என்றால், 1960-ல் தன் சொந்தத் தொழில்நுட்ப இதழிலேயே அத்தனை ஓசைகளின் அதிர்வெண்களையும் அச்சிட்டு, கல்லூரி நூலகங்களில் கிடைக்கும்படி செய்தது. பின்னாளில் ஆப்பிள் தொடங்கிய வாஸ்னியாக்கும் ஜாப்ஸும் முதலில் விற்றது, அந்த ஓசைகளை எழுப்பும் திருட்டு டப்பாதான். வாஸ்னியாக், அமெரிக்க அரசின் பெரும்புள்ளி கிஸ்ஸிஞ்சரின் குரலில் வாடிகனுக்கே ஃபோன் போட்டார். போப் தூங்கிக்கொண்டிருந்ததால் கத்தோலிக்க உலகம் தப்பித்தது.

1976 முதல் உத்தரவுகளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். பிறகு, எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் அப்படி உத்தரவு அனுப்பிக்கொள்ள எஸ்.எஸ்.7 என்ற முறை வந்தது. விசிலுக்கு வேலை போயிற்று. எஸ்.எஸ்.7-ல் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் ‘பாயின்ட் கோட்’ என்ற உள் விலாசம் உண்டு. ஆனால் பாரிஸில் இறங்கும் உங்கள் செல்ஃபோனைப் பற்றி விசாரிக்க வேண்டிய பிரெஞ்சு எக்ஸ்சேஞ்சுக்கு, உங்கள் கணக்கை வைத்திருக்கும் இந்தியப் பதிவேட்டின் கோட் எப்படித் தெரியும்? தெரியாது. அது ‘குளோபல் டைட்டில்’ என்று ஒரு நம்பரை மட்டும் எழுதி அனுப்பும். வழியிலிருக்கும் சந்திப்பு 91-ஐப் பார்க்கும், இந்தியாவுக்கான வாசலின் கோட் போட்டுத் தள்ளிவிடும். அங்கே அடுத்த சில இலக்கங்களைப் பார்த்து இன்னொரு கோட். முன்பின் தெரியாத கிராமத்தில் வழி கேட்டால், “ஆலமரம் வரைக்கும் போங்க, அங்கே யாரையாவது கேளுங்க” என்பார்களே, அதேதான். முழு வழியும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சேதி நொடியில் போய்ச் சேரும்.

வழி சொல்பவர்கள், கேட்பவர் யாரென்று மட்டும் கேட்பதில்லை. எஸ்.எஸ்.7 வடிவமைக்கப்பட்டபோது அதற்குள் இருந்தவை பெரிய தொலைபேசிக் கம்பெனிகள். கனவான்களிடம் அடையாள அட்டை கேட்பது மரியாதையா? 2017-ல் ஜெர்மனியில் திருடர்கள் வங்கிக் கடவுச்சொற்களை முன்கூட்டியே கறந்துகொண்டு, வெளிநாட்டு நெட்வொர்க் ஒன்றின் வழியாக, “இந்த வாடிக்கையாளர் இப்போது எங்களிடம் இருக்கிறார்” என்று சேதி விட்டார்கள். நெட்வொர்க் நம்பியது. வங்கி அனுப்பிய ஓ.டி.பி. ஒரு பிழையுமின்றி விலாசம் கண்டுபிடித்து, குறித்த நேரத்தில் திருடர்களின் கையில் போய்ச் சேர்ந்தது.