சுவருக்குச் சுவர் துணை

பெறுநர்:
நிபுணர் மதிப்பீட்டுக் குழுவினர்,
ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், புதுடெல்லி.

பொருள்: காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் – மாமல்லபுரம் கரையிலிருந்து சில ஆலோசனைகள்.

ஐயா,

ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் சரக்கு கையாளும் திறனை 32 கோடி டன்னாக்க அதானி குழுமம் திட்டம் தந்திருப்பது அறிந்து பூரித்தோம். கடலைத் தூர்க்க வேண்டும், அலைத் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். செய்யுங்கள்.

இடைஞ்சல் மணல் ஒன்றுதான். ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருப்பது அதன் பிறவிக்குணம். 1997 வரை காட்டுப்பள்ளியும் நாங்களும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூரைத் தனியாகப் பிரித்த அரசாணை மணலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சுவரில் முட்டினால் தெற்கே மேடு தட்டும். வடக்கே பழவேற்காட்டுக்குப் பட்டினி. அங்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பதே ஒரு மணல் திட்டுதான்.

ஆனால், கவலை வேண்டாம், முன்னுதாரணங்கள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தால் மெரினாவுக்கு மணல் கிடைத்தது, ராயபுரத்துக்குக் கருங்கல் கிடைத்தது. புதுச்சேரியில் துறைமுகம் வந்தது, கடற்கரை போனது. கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே கோட்டக்குப்பத்துக்குக் குடிபோனது. அங்கும் கல் கொட்டினார்கள். எங்கள் கடற்கரைக் கோயிலுக்கும் கல் அரண் உண்டு. அதற்கு வடக்கே அலை ஏறும் நாளில் ஃபைபர் படகின் மூக்கு உணவக மதிலில் இடிக்கிறது. வலை பிரிக்க இடமில்லாமல் தெருவில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்.

ஆகவே, ஒவ்வொரு சுவருக்கும் வடக்கே இன்னொரு சுவர் என்று தனித்தனிக் கோப்பு போட்டு அலையாமல், பழவேற்காட்டில் தொடங்கிச் சுந்தரவனம் வரை ஒரே மூச்சில் கட்டிவிடுங்கள். கல்லுக்குப் பஞ்சமில்லை. எங்கள் மாவட்டக் குவாரிகளில் இன்னும் சில குன்றுகள் மிச்சமிருக்கின்றன. போதாவிட்டால் வெண்ணெய் உருண்டைப் பாறை சும்மாதான் நிற்கிறது. பல்லவர்கள் வேலை மெனக்கெட்டுக் கல்லைச் செதுக்கிக் கோயிலாக்கினார்கள். கொட்டிவிட்டுப் போகலாம் என்று அவர்களுக்குச் சொல்ல நிபுணர் குழு இல்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-க்கு வைத்துத் தள்ளிப்போனது; 2023 செப்டம்பர் 5-க்கு வைத்தும் தள்ளிப்போனது. அடுத்த தேதியைப் பந்தக்கால் நடக் கரை மிச்சமிருக்கும்போதே குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மணல் போகும் வழியில் குடியிருப்பவன்,
மாமல்லபுரம்.