எலுமிச்சையும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும்: ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுக் களமும் சிக்கலும்

சொகுசுக் கார் வைத்திருப்போர் அனைவரையும் ஆராய நிதி கிடைக்காமையால், இவ்வாய்வு என் தங்கை வீட்டு மாப்பிள்ளை ஒருவரோடு தன் எல்லையை வகுத்துக்கொள்கிறது. அண்ணா நகர்வாசி. தவணையில் வாங்கிய ஜெர்மன் செடானுக்கு மூன்றாம் ஆண்டு முடிகிறது. கம்பெனி வாரண்டி காலாவதியாக 11 நாள். மேலும் இரண்டாண்டு நீட்டிக்க 1,20,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,41,600. "கட்டலாமா, வேணாமா மச்சான்?" என்று அவர் கேட்டதே ஆய்வுச் சிக்கல்.

2. பாடபேதம்

வண்டி எடுத்த அன்று ஷோரூம் தம்பி அருளியது: "ஜெர்மன் இன்ஜினீயரிங் சார். சாவி போட்டா ஓடிக்கிட்டே இருக்கும்." மூன்றாண்டு கழித்து, அதே நாற்காலியில், அதே தம்பி: "ஏர் சஸ்பென்ஷன் போச்சுன்னா தாங்க மாட்டீங்க சார்." இவற்றுள் எது மூலபாடம், எது இடைச்செருகல்? இரண்டையும் எழுதியவர் ஒருவரே, இரண்டுக்கும் கமிஷன் உண்டு என்பதால் இரண்டுமே மூலபாடம் எனக் கொள்ளப்படும்.

3. முன்னோடி ஆய்வுகள்

1738இல் டேனியல் பெர்னூலி, ஒரே தொகை ஏழையின் கையிலும் பணக்காரன் கையிலும் ஒரே கனம் கனக்காது என்று நிறுவினார். காப்பீடு ஒருவருக்கு ஆதாயமாகவும் இன்னொருவருக்குத் தண்டமாகவும் ஆவது இதனால்தான்.

1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை ஆராய்ந்தார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது; அந்த அவநம்பிக்கையைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று உத்தரவாதம் என்றார். 2001இல் நோபல் பரிசு பெற்றார். ஓட்டை வண்டிக்கு அமெரிக்கர் இட்ட பெயரான 'எலுமிச்சை' அவர் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. நாமோ புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஏற்றுகிறோம். அங்கே நோயின் பெயர், இங்கே மருந்து.

4. ஒப்பீடு

எலுமிச்சை நான்கு. செலவு ஒரு காபிக் காசு. நிபந்தனை ஒன்றுதான்: வண்டியை முன்னோக்கி எடுக்க வேண்டும். கண்ணேறு முதல் கிளட்ச் வரை அனைத்தும் அடக்கம்.

வாரண்டிப் பத்திரத்திலோ 'அடங்குபவை' ஒரு பக்கம், 'அடங்காதவை' பல பக்கம். டயர், வைப்பர், பிரேக் பேட் சேராது; அவை தேய்மானம். 2015, 2023 டிசம்பர்களில் சென்னை கண்ட வெள்ளமும் சேராது. அது இன்ஷூரன்ஸ் பாடு. அங்கே கேட்டாலோ, தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனதற்குத் தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' எடுத்தீர்களா என்பார்கள். வெளி மெக்கானிக் கை வைத்திருந்தாலோ, சர்வீஸ் தேதி தவறியிருந்தாலோ, முழுப் பத்திரமும் தகராறுக்கு உள்ளாகும்.

5. கணக்கு

ஏர் சஸ்பென்ஷனில் காற்றைத் தாங்குவது ரப்பர் பை. வயதானால் வெடிப்பு விடும், காற்று கசியும். விடிகாலையில் பார்த்தால் வண்டி ஒரு மூலை தாழ்ந்து, எருமைபோல் ஒருக்களித்துக் கிடக்கும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரஸரும் பின்னாலேயே படுக்கும். இதில் கவனிக்க: ரப்பர் பாகங்களைத் தேய்மானத்தில் தள்ளிவிடும் ஒப்பந்தங்களும் உண்டு.

பெரிய பழுது ஒன்றுக்கு 3,00,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். நூறு வண்டியில் 47க்கு மேல் இரண்டாண்டுக்குள் அப்படிப் படுத்தால்தான் வாங்குவோர் கூட்டத்துக்கு லாபம். அத்தனை வண்டி படுக்குமென்றால் கம்பெனி இந்த விலைக்கு விற்குமா? ஆகவே சராசரியில் நமக்கு நஷ்டமே.

ஆனால் மாப்பிள்ளை சராசரி அல்லர், ஒற்றை ஆள். அவர் வண்டி படுத்தால் நூற்றுக்கு நூறு.

6. முடிபு

மூன்று லட்சத்தை ஒரே வீச்சில் எடுத்துவைத்துவிட்டு அன்றிரவு தூங்கக்கூடியவர் வாரண்டி வாங்க வேண்டியதில்லை. அந்த 1,41,600ஐ வங்கியில் போட்டுவைக்கலாம். தூக்கம் கெடும் என்பவர், 'அடங்காதவை' பக்கங்களை முதலில் படித்துவிட்டு, ஏர் சஸ்பென்ஷன் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, கட்டலாம். இந்த அளவுகோலை மாப்பிள்ளையிடம் வைத்தபோது அவர் பதில் சொல்லாமல் என் தங்கை முகத்தைப் பார்த்தார். அது தரவாக ஏற்கப்பட்டது.

பதினோராம் நாள் பணம் கட்டினார். தங்கை தன் பங்குக்கு நான்கு எலுமிச்சையும் வாங்கி வைத்தாள். இத்தேதி வரை வண்டிக்குக் கோளாறு ஏதுமில்லை. அது வாரண்டியாலா, எலுமிச்சையாலா என்று தரவு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால், "ஒண்ணுமே ஆகலையே மச்சான், கட்டின காசு வீண்தானா?" என்று மாப்பிள்ளை மாதாமாதம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எலுமிச்சையைப் பற்றி அப்படி யாரும் கேட்டதில்லை.