இன்னும் பத்தே நிமிஷம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் கிடையாது. அந்தக் குறையை மேட்டூர் அணையும் பரமத்தி வேலூர்க் காவிரியும் கொஞ்சம் தீர்த்து வைக்கின்றன. மிச்சத்தைத் தீர்த்து வைக்க ஊருக்கு ஒரு கேப்டன் இருக்கிறார்.

விஜயகாந்த் மன்றத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நடைக்குழுக் கேப்டன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழில் டயர் ரீட்ரேடிங்காக இருக்கலாம், லாரி பாடி பட்டறையாக இருக்கலாம், கோழித்தீவன ஏஜென்சியாகவும் இருக்கலாம். சர்க்கரை இருக்கிறது என்று தெரிகிறவரைக்கும் தெருமுனை பேக்கரிக்கே புல்லட்டில் போய் வந்தவர். "தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்னது, "நாலு பேரை நடத்துங்க" என்று அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சொந்தபந்தம், பக்கத்துக் கடைக்காரர்கள், பேங்க் மேனேஜர், மேனேஜரின் மச்சினன் என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையானால் எதன்மேலாவது ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆளை அடையாளம் காண்பது எளிது. தலையில் 'கூர்க்' என்று எழுதிய தொப்பி, கழுத்தில் விசில். இடுப்பில் எட்டு மடிப்புக் கத்தி. அது இதுநாள்வரை வெட்டியது அன்னாசிப்பழமும் பார்சல் நூலும்தான். தோளில் ஒரு சுருள் நைலான் கயிறு. கயிறு எதற்கென்று கேட்டால், "ஆத்திர அவசரத்துக்கு ஆகுமுங்க" என்பார். ஒருமுறை ஆத்திர அவசரம் வந்தது. குளித்தவர்களின் ஈரத் துணியைக் காயப் போட்டார்கள்.

வியாழக்கிழமையே வாட்ஸாப் குரூப்பில் பட்டியல் வந்துவிடும். 'எடை குறைவாகக் கொண்டுவரவும்' என்பது முதல் வரி. அதற்குக் கீழே புளிசாதம், தயிர்சாதம், அவித்த முட்டை, எலுமிச்சை, குளுக்கோஸ், சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு வேண்டிய சட்னி வகையறா என்று நீளும். அத்தனையும் யார் சுமப்பது? அதற்குத்தான் டீம் ஸ்பிரிட் என்ற ஒன்றைக் கேப்டன் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். மச்சினன் சுமப்பான்.

கேப்டனின் ஆஸ்தான மைதானம் கொல்லிமலையின் ஆகாயகங்கை அருவி. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு எதிரே வேன் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறார். கேப்டன் சொல்லும்போது கரடி ஒன்று சேரும். கேட்கிற கூட்டத்தில் குழந்தைகள் இருந்தால் முதலையும் உண்டு. தமிழாசிரியர் ஒருவர் ஐந்துதான் என்று திருத்தப் பார்த்தார். "புலவரு எண்ணுனது அவ்வளவுதானுங்க, அம்பு போயிட்டேதான் இருந்துச்சு" என்று கேப்டன் முடித்துவிட்டார்.

அடுத்தது நாடுகள். கொல்லிமலையில் ஊராட்சிகளை நாடு என்றுதான் சொல்வார்கள்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று மொத்தம் 14. அறப்பளீஸ்வரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில். "பாஸ்போர்ட் இல்லாம இத்தனை நாடு கூட்டிட்டு வந்திருக்கறனே, எந்த டிராவல்ஸ்காரனாச்சும் செய்வானா?" என்பது அவர் வருஷக்கணக்காகச் சொல்லும் ஜோக். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் படிக்கட்டு தொடங்குகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், எல்லாம் கீழ்நோக்கி. உலகத்தில் மற்ற மலைகளிலெல்லாம் தெம்பிருக்கும்போது ஏறிவிட்டு, களைத்தபின் இறங்கலாம். இங்கே தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறங்கி, குளித்து, பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில்தான் ஏற்றம். இப்படி ஒரு அமைப்பு இல்லாமல் போயிருந்தால் கேப்டன் என்ற உயிரினமே தோன்றியிருக்காது. இறங்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம் என்று இருந்தாலும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முட்டை விலையைப் பேசியபடி இறங்கிவிடுவார்கள். (நாமக்கல்காரர்கள் எந்த அழகான இடத்துக்குப் போனாலும் அன்றைய முட்டை விலையைப் பேசுவார்கள். விலை நம் ஊரிலேயே நிர்ணயமாவதால் வந்த பொறுப்புணர்ச்சி.)

இருநூறு படி ஆனதும் பேங்க் மேனேஜர் முதல் கேள்வியைப் போடுவார்.

"ஏனுங்க கேப்டன், இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"பத்தே நிமிஷமுங்க சார். தண்ணிச் சத்தம் கேக்குதுங்களா?"

எல்லோரும் நின்று காது கொடுப்பார்கள். காற்றில் மரம் அசையும். "ஆமா, கேக்குது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஒருவர் சொன்னால் போதும், பிறகு எல்லோருக்கும் கேட்கும்.

நானூறு படியிலும் பத்து நிமிஷம்தான். எழுநூறிலும் அதேதான். கேப்டன் ஒருபோதும் பதினைந்து என்று சொன்னதில்லை, ஐந்து என்றும் சொன்னதில்லை. பதினைந்து என்றால் மனிதன் உட்கார்ந்துவிடுவான்; ஐந்து என்றால் கடிகாரத்தைப் பார்ப்பான். பத்து என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு நடப்பான். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. டயர் எப்போது கிடைக்கும் என்று கேட்ட லாரிக்காரர்களுக்கு முப்பது வருஷம் பதில் சொன்ன அனுபவம்.

அவருக்கு வழியில் ஒரே எதிரி, குளித்துவிட்டு மேலே ஏறி வருகிறவர்கள். அவர்களுக்கு உண்மை தெரியும். நாக்கு வறண்டு, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை கைப்பிடியிலுமாக வரும் அந்த மனிதரிடம் யாராவது "இன்னும் எவ்வளவுங்கண்ணா?" என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஆள் வருவது தெரிந்ததுமே கேப்டன் எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கைக் காட்டி, "அதோ, காட்டெருமை!" என்பார். எல்லோரும் திரும்புவார்கள். ஏறி வந்தவர் தாண்டிப் போயிருப்பார். அந்தப் பள்ளத்தாக்கில் காட்டெருமையைக் கேப்டனைத் தவிர யாரும் கண்டதில்லை. போன மாதம் மட்டும் அது குட்டிகளோடு நின்றதாம்.

பாதி வழியில் படியோரமாக உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். அவர் பையன் ஸ்காட்லாந்தில் படிக்கிறான். அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் சாண்ட்வுட் பே என்று ஒரு கடற்கரை. காரோ பஸ்ஸோ போகாது. பிளேர்மோர் என்ற சிற்றூரில் வண்டியை விட்டுவிட்டு, மரம் மட்டையில்லாத ஈரப் புல்வெளியில் ஆறரை கிலோமீட்டர் போல நடந்தால்தான் கடல். பையன் மழைக்கோட்டோடு நடந்துகொண்டே இருந்தான். கேப்டன் முழுவதும் பார்த்துவிட்டுத் தொழில்முறைக் கேள்விகளை ஆரம்பித்தார்.

"மரமே இல்லீங்களா? அப்புறம் எங்க ஒதுங்குவாங்க?"

"தெரியலீங்க."

"கடை?"

"வழியில ஒண்ணும் இல்லையாமுங்க. ஆனா புறப்படற எடத்துலயே இத்தனை மைல்னு போர்டு வெச்சிருக்காங்களாம்."

கேப்டன் முட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அங்கதானுங்க வெள்ளைக்காரன் தப்புப் பண்றான். மொதல்லயே சொல்லிட்டா எவன் வருவான்?"

கடற்கரை என்றதும் அவருக்கு வேறொரு துக்கமும் உண்டு. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் மணலில் கால் புதைய ஆட்களை நடத்திக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. இருபக்கமும் கடல், நடுவே கேப்டன், "அந்த வளைவு தாண்டுனா இலங்கையே தெரியுமுங்க". 2017-ல் முனைவரைக்கும் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். இப்போது வேன் போய் முனையிலேயே நிற்கிறது. "ரோடு போட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க" என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரியும்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபின், குறுக்குவழி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டு வழியாக ஏறலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். இப்போது படிக்கட்டு, கைப்பிடி, டிக்கெட் கவுண்டர் இந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு ஆள் கூட்டிப் போவதில்லை.

2024-ல் தமிழக அரசு 40 பாதைகளைக் குறித்து, ஆன்லைனில் பதிவு செய்து மலையேறும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது கேப்டனும் ஓரிடத்துக்குப் பணம் கட்டிப் போய்ப் பார்த்தார். வழிகாட்டி, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பையன். புறப்படும் முன்பே மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எங்கே செங்குத்து என்று ஒப்பித்துவிட்டானாம். கேப்டனோடு போனவர்களில் இரண்டு பேர் வேனிலேயே இருந்துகொண்டார்கள். "நல்ல பையனுங்க, மலை அத்துப்படி. ஆனா பொழைக்கத் தெரியலீங்க" என்று திரும்பி வந்து சொன்னார்.

கடைசியில் ஆகாயகங்கை வந்துதான் விடுகிறது. அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறைமேல் விழுகிறது. கிட்டே போகவே முடியாது. சாரலே சரளைக்கல்லாக முகத்தில் அடிக்கும். சர்க்கரை, பிரஷர், ஜிஎஸ்டி எல்லாவற்றையும் மறந்து மேனேஜர் குழந்தை மாதிரி கூச்சல் போடுவார். கேப்டன் குளிக்க மாட்டார். கரையில் கயிற்றோடு நின்று மற்றவர்களைப் போட்டோ எடுப்பார். அந்தப் பத்து நிமிஷப் பொய்களை யாரும் அங்கே நினைத்துப் பார்ப்பதில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இதில் பாதிப் பேர் செம்மேட்டிலேயே மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார்கள் என்பதும் நிஜம்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு நின்றுவிடும். முட்டை விலை என்னவானாலும் யாருக்கும் கவலையில்லை. மேனேஜரின் முட்டி தந்தியடிக்கும். தலைச்சுமையோடு வரும் உள்ளூர்ப் பாட்டி ஒருத்தி, "கொஞ்சம் ஒதுங்கு சாமி" என்று எல்லோரையும் தாண்டிப் போவாள்.

மேலே கோயில் திண்ணையில் கேப்டனின் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அவர் ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. "எனக்கு அறப்பளீஸ்வரரே போதுமுங்க" என்பார் கேட்பவர்களிடம். ஏன் என்று துருவினால், "பொண்ணு பார்க்க வந்தன்னிக்கும் பத்து நிமிஷத்துல வந்துர்றோம்னுதான் சொல்லி அனுப்புனாங்க. வந்து சேர்றப்ப வெளக்கு வெச்சாச்சு" என்பார்.

இனி முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு. மேலே மயிர் மயிராக, பார்த்தால் ஆட்டுக்காலேதான். முட்டிவலிக்கு நல்லது என்று மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பார்கள். முட்டியைக் கழற்றிவிட்டு, ஏறி வந்த இடத்திலேயே முட்டிக்கு மருந்தும் விற்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்துக் கேப்டன் மனதாரப் பாராட்டுவார். "யாவாரம்னா இதுங்க" என்பார். மச்சினன் மூன்று டம்ளர் குடிப்பான்.

வேன் இறங்க ஆரம்பிக்கும்போது பின்சீட்டில் ஒருவர் எலுமிச்சையை முகர்ந்தபடி ஈனஸ்வரத்தில் கேட்பார்: "கேப்டன், இன்னும் எவ்வளவு இருக்குதுங்க?"

பதில் வராது. நெடுஞ்சாலைத் துறை ஒவ்வொரு வளைவிலும் 70/70, 69/70, 68/70 என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பலகை நட்டு வைத்திருக்கிறது. கேப்டன் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு, காரவள்ளி வரும்வரை தூங்குவார்.