மலைக்குப் பேருந்து, மருதத்துக்கு ரயில்: இத்தாலிய ஒருநாள் பயணத்தின் திணை இலக்கணம்

ஃபிளாரன்ஸ் நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பயணி, காலையில் புறப்பட்டுச் சியேனாவைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஃபிளாரன்ஸ் திரும்ப எண்ணுகிறார். அவர் போக வேண்டியது பேருந்திலா, ரயிலிலா? ஓட்டல்களின் சிற்றுண்டிக் கூடங்களில் இதைப் பற்றி நாள்தோறும் கருத்தரங்கு நடக்கிறது. ஒரே மேசையில், ஒரே குடும்பத்துக்குள், இரண்டு மதங்கள் பிறக்கின்றன. ரயில் மதத்தார் கழிப்பறையை முதற்பிரமாணமாகக் கொள்வர். பேருந்து மதத்தார் காசைக் கொள்வர். இரு சாராரும் வண்டியை ஆராய்கிறார்களே ஒழிய நிலத்தை ஆராயவில்லை. திணை அறியாமல் துறை சொல்ல வந்ததே இத்துறையின் தீராத குழப்பத்துக்குக் காரணம் என்க.

இப்பொருளில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இரண்டு சேவல்கள். இடைக்காலத்தில் ஃபிளாரன்ஸும் சியேனாவும் எல்லைக்காக ஓயாமல் அடித்துக்கொண்டன. கடைசியில் ஓர் உடன்பாடு: இரு நகரிலிருந்தும் ஆளுக்கொரு குதிரை வீரன் சேவல் கூவியதும் கிளம்ப வேண்டும், இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவல் ஒன்றைத் தேர்ந்து, தீனி போட்டுக் கொழுக்க வைத்தார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியுமுன்பே கூவிவிட்டது. சியேனா வீரன் ஊரை விட்டுச் சிறிது தூரம் வருவதற்குள், ஃபொன்தெரூதொலி என்னும் சிற்றூரில் எதிராளி வந்து நின்றான். கியாந்திப் பகுதி பெரும்பாலும் ஃபிளாரன்ஸின் கைக்குப் போனது. அந்தக் கறுப்புச் சேவல் இன்றைக்கும் கியாந்தி கிளாசிகோ ஒயின் புட்டிகளின் கழுத்தில் நிற்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதைக் கட்டுக்கதை என்பர். நம் கொள்கைக்கு வசதியாக இருப்பதால் இவ்வாய்வு இதை ஆவணமாக ஏற்கிறது. இருவரும் ஏறியது குதிரைதான் என்பது கவனிக்கத்தக்கது. வண்டி ஒன்றாயிருந்தும் முடிவு வேறானது; ஆகவே முடிவைத் தருவது வண்டியன்று. இது நிற்க.

இனித் திணைப் பாகுபாடு. முதலில் குறிஞ்சி. மத்திய இத்தாலியின் பழைய ஊர்கள் பகைவருக்கு அஞ்சியும், தாழ்நிலத்துக் கொசுவுக்கு அஞ்சியும் மலைமேல் ஏறி உட்கார்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது அவற்றால் இறங்கி வர முடியவில்லை. ரயிலால் ஏறிப் போகவும் முடியவில்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும்; நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் ஏற்றம் என்றாலே ரயிலுக்கு மூச்சு வாங்கும். ஆகவே நிலையம் அடிவாரத்திலும் ஊர் உச்சியிலுமாக நின்றுவிட்டன. கொர்த்தோனாவுக்குப் போகிறவர் கமூசியாவில் இறங்குகிறார். அசிசிக்குப் போகிறவர் கீழே சாந்தா மரியா தெலி அஞ்செலியில் இறங்கி, புனித பிரான்சிஸின் ஊரைத் தொலைவில் கண்டு கும்பிட்டுவிட்டு, பேருந்துக்குக் காத்திருக்கிறார். ரயிலில் வந்தவர் கடைசியில் பேருந்தில்தான் ஊருக்குள் நுழைகிறார் என்பதை ரயில் மதத்தார் எந்தக் கருத்தரங்கிலும் சொல்வதில்லை.

சியேனா இத்திணையின் தலைமாந்தர். ஃபிளாரன்ஸிலிருந்து அது நேர்தெற்கே இருக்கிறது. ரயில் தெற்கே போகாது. ஆர்னோ நதியோடு மேற்கே எம்பொலி வரை போய், சிலவேளை அங்கே உங்களை இறக்கி வேறு வண்டியில் ஏற்றி, பிறகுதான் எல்சா பள்ளத்தாக்கு வழியே தெற்கே திரும்பும். காரணம், ஃபிளாரன்ஸிலிருந்து லிவோர்னோ துறைமுகத்துக்குப் போகும் பாதை 1848இல் முடிந்தது. சியேனா தன் பாதையை 1849இல் எம்பொலியில் கொண்டுபோய் அதோடு கோத்துக்கொண்டது. 1260இல் மொந்தபெர்த்திப் போரில் ஃபிளாரன்ஸைத் தோற்கடித்து, 1555இல் ஸ்பானியரும் ஃபிளாரன்ஸ்காரரும் சேர்ந்து வர அவர்களிடம் வீழ்ந்த ஊர், அந்நகருக்கு நேர்க்கோட்டில் பாதை போட அவசரப்படாததில் வியப்பில்லை என்பது இவ்வாய்வாளரின் ஊகம். ஊகம் என்றே குறித்துவைக்கிறோம்.

பேருந்தோ நான்குவழிச் சாலையில் நேரே தெற்கே போகும். சுங்கம் இல்லாத சாலை. குண்டுகுழியால் அந்தச் சுங்கத்தை இடுப்பில் வசூலித்துக்கொள்ளும். விரைவுப் பேருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணியில் சேர்க்கும்; ரயிலுக்கு ஒன்றரை மணி. வழியில் மோன்டெரிஜோனிக் கோட்டை தெரியும். அதன் கோபுரங்களைத் தாந்தே நரகத்து அரக்கர்களுக்கு உவமை ஆக்கினார். பலகையில் ‘ராபிதா’ என்று இருந்தால் மட்டுமே ஏறுக. ‘ஆர்தினாரியா’ என்றிருந்தால் வண்டி வழியிலுள்ள ஊர்களையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு போகும்.

இறங்கிய பின்தான் வழக்கே தீர்கிறது. பேருந்து பியாத்சா கிராம்ஷி அருகே, ஊரின் தோளிலேயே இறக்கிவிடும். காம்போ சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. ரயில்காரர் அடிவாரத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, வணிக வளாகம் ஒன்றுக்குள் நுழைந்து, எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி, கமோலியா வாசலுக்கு அருகே வெளிப்பட்டு, அங்கிருந்து நடக்கத் தொடங்குவார். உள்ளாடைக் கடையையும் கைப்பேசிக் கடையையும் தாண்டாமல் அவருக்கு இடைக்காலம் கிடையாது.

இன்னும் ஒரு பிரமாணம் உண்டு. இதை மறுப்பார் இல்லை. ஃபிளாரன்ஸில் அந்தப் பேருந்து புறப்படும் தெருவின் பெயரே சியேனாவின் புனித கேத்தரின் தெரு. அது போய்ச் சேரும் இடத்துக்கு அருகே சான் தொமெனிகோ ஆலயம்; அங்கே அப்புனிதையின் தலை காக்கப்படுகிறது. 1380இல் அவர் இறந்த ரோமில் உடல் இருக்கிறது. ஃபிளாரன்ஸிலிருந்து ரோமுக்கு எல்லாரும் ரயிலில் போகிறார்கள். உடல் ரயில் பக்கமும் தலை பேருந்துப் பக்கமும் நின்றால், அறிவு எந்தப் பக்கம் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்க.

மருதத்துக்கு இவ்வளவு வாதம் வேண்டா. பொலோனியா, பீசா, லூக்கா போன்ற சமநில ஊர்களில் ரயில் நிலையம் ஊரோடு ஒட்டியே இருக்கும். லூக்காவில் மதில் வாசலுக்கு எதிரிலேயே. பொலோனியாவுக்கு 2009 டிசம்பரில் திறந்த அதிவேகப் பாதையில் நாற்பது நிமிடம்கூட ஆகாது. அஃதேல், இடையே அபெனைன் மலை கிடக்கிறதே, இது குறிஞ்சி ஆகாதோ எனின், ஆகாது. 78 கிலோமீட்டர் பாதையில் 73 கிலோமீட்டர் சுரங்கம். மலை இருந்ததே பயணிக்குத் தெரியாது. ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டவர் இருட்டைப் பார்த்துக்கொண்டு போவார். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல் அல்லவா? அது டிக்கெட் விலையில் முற்றும். உள்ளூர் ரயிலுக்குக் கட்டணம் தூரத்துக்கு ஏற்ப நிலையானது, கிளம்பும் நிமிடத்திலும் அதே விலை. அதிவேக ரயிலுக்கு நாள் நெருங்க நெருங்க ஏறும். “போன மாசமே எடுங்கன்னு சொன்னேனே” என்ற வாக்கியம் எல்லா மொழியிலும் அந்த நடைமேடையில் கேட்கும். காசு மிச்சம் என்று தொலைதூரப் பேருந்தை நாடுவோர், ஃபிளாரன்ஸில் அது ஊருக்குள் நிற்காமல் டிராம் போய் முடியும் வில்லா கொஸ்தான்சாவில் நிற்பதை முதலில் அறிக.

முல்லை என்பது கியாந்தி. காடும் திராட்சைத் தோட்டமும், ரயிலே கிடையாது. உரிப்பொருள் இருத்தல், அதாவது நிறுத்தத்தில் இருத்தல். அங்கே கால அட்டவணையைப் படிக்கத் தனி இலக்கணம் வேண்டும். குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல்கள் இருந்தால் வேலைநாளில் ஓடும், சனிக்கிழமையும் இதில் அடக்கம். சிலுவை இருந்தால் ஞாயிறும் விடுமுறையும். வேறு சில வண்டிகள் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டுமே ஓடும். ஆகஸ்டில் போகும் பயணி அவ்வூர்க் குழந்தைகளின் விடுமுறையைத் தானும் அனுபவிப்பார். கைக்கிளைக்கு உதாரணம் வேண்டுவோர், ஞாயிற்றுக்கிழமை அங்கே சுத்தியல் வண்டிக்குக் காத்து நிற்பவரைக் காண்க.

நெய்தல் வெனிஸ். ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்தால் எதிரே பெருங்கால்வாய். பேருந்துக்கு அந்தப் பேறு இல்லை. வேறு ஆய்வு தேவையில்லை.

பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது நம் மரபு. இத்தாலியிலும் அப்படியே. எந்த நிலமும் வேலைநிறுத்தத்தின்போது பாலையாகத் திரியும். வெள்ளிக்கிழமை அதற்கு உகந்த பொழுது. ஆனால் அந்நாட்டில் பிரிவுக்கும் சட்டம் உண்டு. குறைந்தது பத்து நாள் முன்பே அறிவிக்க வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, வேலைநாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே தீர வேண்டும். எட்டு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறவர், அன்று வேலைநிறுத்தம் நடந்ததையே அறியாமல் ஊர் திரும்பக்கூடும். பத்து மணிவரை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அதைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசுவார். இங்கும் வென்றது பசித்த சேவல்தான்.

கருப்பொருள்களுள் முதன்மையானது நடைமேடையில் நிற்கும் முத்திரை இயந்திரம். உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை அதன் வாயில் கொடுத்துத் தேதி குத்திக்கொண்ட பிறகே ஏற வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்டும் ஞானம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. பேருந்து டிக்கெட்டோ புகையிலைக் கடையில் கிடைக்கும். வாழ்நாளில் பீடி தொடாதவரும் ‘டி’ எழுத்துப் பலகையைத் தேடி அலைவார். மலையூர்க்காரர் மதியம் கடையைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போகுமுன், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுவது உத்தமம்.

புறனடை: ஓர்வியேத்தோவும் மலைதான், ஆனால் ரயிலே சிறந்தது. நிலையத்துக்கு எதிரிலிருந்தே கம்பிவட ரயில் ஒன்று பாறை மேல் இழுத்துச் சென்றுவிடும். 1888இல் தண்ணீரின் எடையால் ஓடத் தொடங்கியது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. பெரூஜாவும் 2008இல் மினிமெட்ரோ அமைத்துத் தன் குறிஞ்சித் தன்மையைப் பாதி இழந்தது.

வாடகைக் கார் எடுக்கலாமே என்போர் உளர். அது பெருந்திணை, பொருந்தாக் காமம். இந்நகரங்களின் நடுவே வெளிவண்டி நுழையக் கூடாத எல்லைகள் உண்டு; வாசலில் கேமரா உண்டு; தடுத்து நிறுத்த ஆள் மட்டும் இல்லை. எத்தனை முறை வழி தவறி நுழைந்தாரோ அத்தனை அபராதச் சீட்டுகள், மாதங்கள் கழித்து, கடல் கடந்து வீட்டுக்கு வரும். அவருடைய முகவரியைக் காவல்துறைக்கு எடுத்துக் கொடுத்த சிரமத்துக்காகக் கார்க்கடையும் ஒவ்வொரு சீட்டுக்கும் தனியே கட்டணம் பிடித்துக்கொள்ளும்.