பனி மகசூல்

மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் குடியானவனுக்கு யாரிடமாவது முறையிட இடமுண்டு. வருஷத்தில் பாதி நாள் விடாமல் பனி பெய்தால் அவன் யாரை நோவது? மாட்டைத் தொழுவத்தில் கட்டி, கோடையில் அறுத்து உலர்த்திய புல்லைப் பிடிபிடியாக எண்ணிப் போட்டு, கல்லாய் இறுகிய ரொட்டியையும் அதற்குச் சளைக்காத பாலாடைக்கட்டியையும் கடித்துக்கொண்டு, கதவைத் திறந்தால் இடுப்பளவுக்கு நிற்கும் வெண்மையைப் பார்த்துத் தன் ஜாதகத்தைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஆல்ப்ஸ் மலைக்காரன் பல தலைமுறைகள் அப்படித்தான் நொந்துகொண்டிருந்தான். பிறகு, இந்த உபத்திரவங்கள் அத்தனையையும் ரொக்கம் கொடுத்து வாங்குவதற்குச் சமவெளியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற பரம ரகசியம் அவனுக்குத் தெரியவந்தது. அன்று முதல் பனி, செங்குத்துச் சரிவு, பழைய ரொட்டி, ரோடு இல்லாமை ஆகிய சகல கஷ்டங்களும் அவனுடைய விலைப்பட்டியலில் ஏறிவிட்டன.

ரகசியத்தைக் கண்டுபிடித்த பெருமையைச் செயின்ட் மோரிட்ஸ் ஊரார் தங்கள் ஹோட்டல் முதலாளி யோஹானஸ் பத்ருட்டுக்குச் சூட்டுகிறார்கள். 1864-ஆம் வருஷத்துக் கோடை முடிவில், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேய விருந்தினர் சிலரிடம், குளிர்காலத்திலும் வந்து பார்க்கும்படியும், வெயில் இல்லையென்றால் பிரயாணச் செலவு தம்முடையது என்றும் அவர் பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் வசந்தம் வரையில் நகரவே இல்லையாம். கதையில் எத்தனை வீசம் உண்மையோ, அறியேன். ஹோட்டல்காரர் பந்தயத்தில் தோற்றதாக எந்த ஊரிலும் கதை வழங்குவதில்லை என்பதை மாத்திரம் கவனித்திருக்கிறேன். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1894 மார்ச் மாதத்தில், பிராங்கர் சகோதரர்கள் இருவரைத் துணைகொண்டு, நீண்ட மரச்சறுக்குகளைக் காலில் கட்டிக்கொண்டு டாவோஸிலிருந்து கணவாயைத் தாண்டி அரோஸாவுக்குப் போனார். ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணி தேயவே தேயாது என்று தம் தையற்காரர் கொண்டிருந்த சித்தாந்தம், அந்தச் சரிவில் தாம் உட்கார்ந்தபடியே இறங்க நேர்ந்ததில் பொய்த்துப்போனதையும், துணியின் மாதிரிகள் வழியெங்கும் கிடப்பதையும் அவர் பத்திரிகையில் ஒளிக்காமல் எழுதினார். இந்தச் சறுக்கு விளையாட்டுக்காகவே ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் வரப்போகிறார்கள் என்று ஆரூடமும் சொன்னார். ஆங்கிலேயரோடு நிற்காமல், திருநெல்வேலி டவுன் வரையில் அந்த ஆரூடம் பலிக்கும் என்பதை அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நாங்கள் போனது ஸ்விட்ஸர்லாந்தின் வாலே மாகாணத்திலுள்ள ஸெர்மாட்டுக்கு. நாங்கள் என்றால், ஜூரிச்சில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன், அவனுடைய தாயாராகிய அத்தை, நான். மைத்துனன் சறுக்குவதற்காக வந்தவன். நான் சறுக்குகிறவர்களைப் பார்ப்பதற்காக வந்தவன். அத்தை, மகன் இத்தனை வருஷமாக இந்தத் தேசத்தில் அப்படி என்னதான் செய்கிறான் என்று நேரில் விசாரிப்பதற்காக வந்தவர்.

ஸெர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் வரக் கூடாது. காரை ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே டேஷ் என்ற கிராமத்தில் விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். அந்த ரயில்பாதை 1891-இல் வந்தது. 1920-களின் கடைசி வரையில் அதுவும் கோடையில் மாத்திரமே ஓடியது. குளிர்காலத்தில் ஊருக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் அற்றுப்போகும். ரோடு இல்லாத குறையை மற்ற ஊரார் மந்திரியிடம் மனுவாகக் கொடுப்பார்கள். இவர்களோ அதற்குச் சுத்தமான காற்று என்று நாமகரணம் செய்து, அறை வாடகையில் சேர்த்துவிட்டார்கள். ஊருக்குள் ஓடுபவை உள்ளூர்ப் பட்டறைகளில் செய்த மின்சாரப் பெட்டி வண்டிகள். அவை ஒன்றும் பேசாமல் பின்னால் வந்து, நாம் விலகும் வரையில் முதுகை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது முறையாகத் திடுக்கிட்டு ஒதுங்கிய அத்தை, "ஒரு ஆரன் அடிச்சா கொறஞ்சா போயிருவான்?" என்றார்.

ஊரின் மூலதனம் மாட்டர்ஹார்ன் என்னும் சிகரம். 4,478 மீட்டர் உயரம்; மற்ற மலைகளுடன் ஒட்டி உறவாடாமல், கழுத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு தனியே நிற்கும். மேகம் விலகினால் தெருவில் போகும் அத்தனை பேரும் நின்றுவிடுகிறார்கள். மேகம் மூடினால், தங்களுக்குச் சேரவேண்டிய பாக்கியை யாரோ பிடித்துக்கொண்டதுபோல ஹோட்டல்காரரைப் பார்க்கிறார்கள். இந்த மலையின் உருவத்தை எவரும் இஷ்டப்படி உபயோகித்துவிட முடியாது. டோப்ளரோன் சாக்லேட்டின் அட்டையில் வெகுகாலம் மாட்டர்ஹார்ன் இருந்துவந்தது. தயாரிப்பின் ஒரு பகுதி ஸ்லோவாகியாவுக்குப் போகிறது என்றானதும், ஸ்விஸ் அடையாளங்களைக் காக்கும் சட்டத்தின்படி 2023-இல் அந்தச் சிகரம் இறக்கப்பட்டு, எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு பொது மலை ஏற்றப்பட்டது.

துக்கத்துக்கும் இங்கே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1865 ஜூலை 14-ஆம் தேதி எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட ஏழு பேர் முதன்முதலாக இந்தச் சிகரத்தை எட்டினார்கள். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் மாண்டார்கள். அறுந்த கயிறு ஊர்க் கண்காட்சிச் சாலையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கைவசம் இருந்த கயிறுகளில் மெலிந்ததைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்ற விவரத்தைக் கேட்டதும், அத்தை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்று, "கெணத்துக்குக்கூட இத வாங்கமாட்டோம்" என்றார். அந்தச் சம்பவத்தைப் பற்றி விம்பர் முதலாக எழுதியவர்கள் எழுதிய பக்கங்களில் இத்தனை சுருக்கமான தீர்ப்பை நான் கண்டதில்லை.

சறுக்குவதற்கு முன் பாதரட்சை வாடகைக்கு எடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. கடைச் சிப்பந்தி என் மைத்துனனை நிறுத்தி, எடை என்ன, உயரம் என்ன, வயது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். விழும்போது எந்த விசையில் கட்டுக் கழன்று காலைக் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்குக்கு இவை வேண்டுமாம். "நச்சத்திரம் கேக்கலியே, ஐயா?" என்று அத்தை மகனிடம் விசாரித்தார். பிறகு வந்த பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே அசைவு என்பதே மனிதனுக்கு அநாவசியம் என்று தீர்மானித்த எவரோ செய்தது: நான்கு உலோகக் கொக்கிகள், உள்ளே ஒரு பஞ்சுச் சிறை, வெளியே ஒரு பிளாஸ்டிக் சிறை. அதை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சீமான்களும் சீமாட்டிகளும், குதிகால் முதலில் ஊன்றி, கைகளை அகட்டி, ஒரு முழு ராஜாங்கத்தின் கம்பீரத்தோடு தத்தித் தத்தி நடக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் அதே ஜனங்கள் சரிவில் பட்சிகளாக மாறிப் பறந்துவிடுவதைப் பார்த்தால், மனிதனுக்குச் சமதரை ஒத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றும்.

முற்காலத்தில் சறுக்குகளுக்கு அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு அரை நாள் ஏறினால்தான் சில நிமிஷம் இறங்கலாம். எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற இஞ்சினியர் 1934-இல் டாவோஸில் இழுவைக் கம்பி ஒன்றை நிறுவி, மனிதர்களைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்துவிட்டார். அது முதல் ஏறுவது யந்திரத்தின் பாடு, இறங்குவது பூமியின் ஆகர்ஷண சக்தியின் பாடு, பணம் கட்டுவது மாத்திரமே மனிதப் பிரயத்தனம் என்றாகிவிட்டது. குழந்தைகளுக்கு ஒரு தனி மேடு. அங்கே ஆசிரியை, சறுக்குகளின் முனைகளை ஒட்டி வைத்து வேகத்தைக் குறைப்பதற்குப் பீட்ஸா என்றும், நேராக வைத்து ஓடுவதற்கு வறுத்த உருளைக்கிழங்கின் பெயரையும் சொல்லி, மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த போதனாமுறை இருக்க முடியாது. சரிவுகளிலும் நீலம் என்றால் சுலபம், சிவப்பு என்றால் நடுத்தரம், கறுப்பு என்றால் கடுமை. கறுப்பில் போவதாகச் சொல்லிவிட்டுப் போன மைத்துனனை, நீலத்தில் பீட்ஸா போட்டுக்கொண்டிருந்தபோது நான் பார்த்தேன். அவன் மைத்துனன் என்ற ஸ்தானத்தில் இருப்பதால் அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

பின்தெரு என்னும் பழைய பகுதியில்தான் எனக்கு இந்த ஜனங்களின் பேரில் உண்மையான மதிப்புப் பிறந்தது. வெயிலில் கறுத்த மரத்தாலான தானியக் களஞ்சியங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் குட்டையான மரக்கால்களின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே, ஆட்டுக்கல்லை விட அகலமான ஒரு வட்டப் பலகைக்கல். எலி மரக்காலில் ஏறிவிடும். ஆனால் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடந்து விளிம்பைத் தாண்ட அதனால் ஆகாது. சிமெண்டு இல்லை, பூட்டு இல்லை, விஷம் இல்லை. நெற்குதிருக்கும் எலிக்கும் நடக்கும் யுத்தத்தில் ஆயுள் முழுதும் சேனாதிபதியாக இருந்த அத்தை, குனிந்து கல்லின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "இவ்வொ புத்திசாலிதான் மாப்பிள்ளை" என்றார். எதிரே நின்ற மலையைப் பற்றி அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டில்தான் சமயப் பிரச்சினை எழுந்தது. ஃபாண்டு என்பது, திராட்சை மதுவில் உருக்கிய பாலாடைக்கட்டியை ஒரே சட்டியில் நடுவே கொதிக்கவிட்டு, சுற்றி உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் நீண்ட முட்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, தோய்த்து, வாயிலிட்டு, மறுபடியும் அதே கரண்டியை அதே சட்டியில் விடும் வைபவம். மேற்கு ஸ்விட்ஸர்லாந்தில் ஏற்கெனவே வழங்கிய இந்தப் பதார்த்தத்தை, 1930-களில் பாலாடைக்கட்டி வியாபாரச் சங்கத்தார் தேசிய உணவு என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். மிஞ்சிய சீஸும் காய்ந்த ரொட்டியும் அன்று முதல் தேசபக்தி ஆயின. பக்கத்து மேஜையில் ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்ட ஒரு கனவான், அபராதமாக எழுந்து நின்று பாடினார். அத்தை பாட்டைக் கேட்கவில்லை, கரண்டிகளையே எண்ணிக்கொண்டிருந்தார். "பாத்தியளா மாப்பிள்ளை, அஞ்சு பேரு வாய்ல வச்ச கம்பிய ஒரே சட்டில விட்டுக் கிண்டுதாவ. எச்சிப் பத்துன்னு ஒண்ணு கெடையாதா?"

ஆகவே ராக்லெட் வரவழைத்தோம். அது வாலே மாகாணத்துக்கே உரியது, தனித்தட்டு, தனிக்கரண்டி. அரைவட்டச் சீஸை நெருப்பின் முன் காட்டி, உருகிய மேற்பரப்பைக் கத்தியால் வழித்துத் தட்டில் விடுவார்கள். தோலோடு அவித்த உருளைக்கிழங்கும், ஊறிய குட்டி வெள்ளரியும் வெங்காயமும் கூட வரும். தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் கல்லாக இறுகிவிடும், ஆகையால் தேநீரோ வெள்ளை ஒயினோதான் குடிக்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த வைத்திய சாஸ்திரம். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மரியாதையாகக் கரண்டியைக் கீழே வைத்தார். சமையலறைக் கதவருகே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அருகில் வந்தார். யாழ்ப்பாணத்தவர், எண்பதுகளில் யுத்தத்துக்குத் தப்பி வந்து, இந்தத் தேசத்து ஹோட்டல் அடுப்படிகளில் ஜீவனத்தைத் தொடங்கிய எத்தனையோ பேரில் ஒருவர். "அம்மா இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள்? கொஞ்சம் பொறுங்கோ" என்று உள்ளே போனவர், ஒரு சிறு கிண்ணத்துடன் திரும்பினார். "எங்கட தூள். இதைத் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கோ." வறுத்து இடித்த அந்தச் சிவந்த தூள் உருகிய சீஸின் மேல் விழுந்ததும் ராக்லெட்டின் பூர்வ ஜன்ம தோஷம் நீங்கிற்று. அத்தை மூன்று முறை வழித்துப் போடச் சொன்னார்.

இத்தனை சாமர்த்தியசாலிகளுக்கும் இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது: சரக்குக் குறைகிறது. பனி பெய்ய மறுக்கும் வாரங்களில் நீரையும் காற்றையும் பீரங்கி போன்ற யந்திரத்தில் செலுத்தி அவர்களே பனி பெய்விக்கிறார்கள். இங்கிருந்து இத்தாலியின் செர்வினியாவுக்கு எல்லை தாண்டி ஓடவிருந்த உலகக் கோப்பைப் பந்தயம் 2022-இல் பனி போதாமல் ரத்தாயிற்று. மறுவருஷம் ஆண்கள் பந்தயம் பனி அதிகமாகி ரத்தாயிற்று, பெண்கள் பந்தயத்தைக் காற்று கெடுத்தது. அதோடு அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பனியாறு உருகி நீர்ப்பிரிமுகடு நகர்ந்துவிட்டதால், மாட்டர்ஹார்ன் அடிவாரத்தில் தேச எல்லையையே கொஞ்சம் மாற்ற 2024-இல் ஸ்விஸ் அரசு சம்மதித்தது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் எல்லை நகர்ந்ததைக் கேட்டு வியந்தவன் நான் ஒருவன்தான். மைத்துனன், இத்தாலியப் பக்கத்தில் காப்பி மலிவு என்றான்.

கடைசியில் கோர்னர்கிராட் ரயில். 1898-இல் மின்சாரத்தோடேயே பிறந்த பல்சக்கர ரயில். 3,089 மீட்டர் வரையில் முனகாமல் ஏறும். வழியில் ரோட்டன்போடனிலிருந்து ரிஃபல்பெர்க் வரையில் பனிச்சறுக்குக் கட்டைவண்டிகளுக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. புடவைக்கு மேல் மகனுடைய பழைய பனிச்சட்டையும், தலையில் குரங்குக் குல்லாவும் தரித்த அத்தை, மகனுக்குப் பின்னால் வண்டியில் சம்மணமிட முயன்று, அது கூடாது என்று சொல்லப்பட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கைப்பையை என்னிடம் கொடுத்தார். நான் ரயிலில் இறங்கி ரிஃபல்பெர்க்கில் காத்துநின்றேன். முருகா முருகா என்ற சப்தம் முதலில் வந்தது. பின்னால் வண்டி வந்தது. அத்தை எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, புடவையை உதறினார்.

"மாப்பிள்ளை, அந்த டிக்கெட்டு இன்னிக்கு முழுக்கச் செல்லும்னுதான சொன்னான்?"

செல்லும் என்றேன்.

"துட்டுக் குடுத்தாச்சுல்லா. நீங்க இங்கனயே நில்லுங்க" என்று சொல்லி, மேலே போகும் ரயிலை நோக்கி மகனை இழுத்துக்கொண்டு நடந்தார்.