கான்ட்டுக்கு ஆள் இருக்கா?

அமெரிக்காவில் தத்துவ முனைவர் பட்டம் தரும் எந்தத் துறைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். அங்கே ஆறாவது ஆண்டோ ஏழாவது ஆண்டோ படித்துக்கொண்டிருப்பார். டிசம்பரில் விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் போதும், மனுஷனுக்குக் களை வந்துவிடும்.

"தத்துவத்தில் மேல்படிப்பு படிக்கணும்" என்று யோசனை கேட்டு வருபவர் பொத்தாம் பொதுவாகச் சொன்னால் இவருக்குப் பிடிக்காது. "எந்த நூற்றாண்டு?" என்பார். அரிஸ்டாட்டில் என்றால் பிரின்ஸ்டன், ஆக்ஸ்ஃபோர்ட். இடைக்காலம் என்றால் நோட்டர் டேம். அல்லது 1929 முதல் அதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கும் டொரன்டோ. ஹெகல் என்றால் பிட்ஸ்பர்க். மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

பிரையன் லைட்டர் என்பவர் 1989-ல் தொடங்கிய தத்துவத் துறைத் தரவரிசை அறிக்கைதான் இவருக்குப் பஞ்சாங்கம். பேராசிரியர்கள் மற்றப் பேராசிரியர்களுக்குப் போட்ட மார்க்கு அது. துறைகளுக்கு மொத்தமாக ஒரு வரிசை. பண்டைய கிரேக்கம், கான்ட் என்று பிரிவுவாரியாக வேறு வரிசைகள். மொத்த வரிசையைப் பார்த்துச் சேர்பவன் ஏமாளி என்பது இவர் கட்சி. நியாயமான கட்சிதான். மொத்தத்தில் கொடிகட்டிப் பறக்கும் துறையில் பிளேட்டோவைக் கிரேக்கத்தில் வாசிக்க ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

வம்பு அதற்கு மேல்தான். ஒரு துறையின் 'பலம்' என்பது பல இடங்களில் இரண்டே பேர். ஒருவர் மூட்டை கட்டினால் பலம் பாதி. இன்னொருவர் ஓய்வு பெற்றால் பூஜ்யம். ஆகவே அரிஸ்டாட்டில் சொன்னதைவிட, அரிஸ்டாட்டில் நடத்துபவர்களின் வயதுதான் இவருக்கு மனப்பாடம். ஜி.இ.எல். ஓவன் 1966-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹார்வர்டுக்குப் போனது, 1973-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியது, மைக்கேல் ஃப்ரேடே 1991-ல் பிரின்ஸ்டனை விட்டு ஆக்ஸ்ஃபோர்ட் போனது எல்லாம் நேற்று நடந்த துக்கம் போலச் சொல்வார். அப்போது இவர் பிறந்தேயிருக்க மாட்டார்.

"ஸ்பினோசா என்றால் எனக்கு உயிர்" என்றாள் ஒரு மாணவி.

"உயிர் இருக்கட்டும். நீ போக நினைக்கும் துறையில் ஸ்பினோசா நடத்துபவருக்கு அறுபத்தெட்டு. நீ ஆய்வேட்டைத் தொடும்போது அவர் பேரனோடு விளையாடிக்கொண்டிருப்பார்."

அந்தப் பெண் பதில் பேசவில்லை. ஸ்பினோசாவே 1673-ல் ஹைடல்பர்க் கொடுத்த பேராசிரியர் பதவியை வேண்டாமென்றவர் என்று சொல்லியிருக்கலாம்.

கான்ட் மேல் இவருக்குத் தனி மரியாதை. அறிவு பற்றிய விமர்சனத்துக்காக அல்ல. 1769-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, பிறகு யேனா, 1778-ல் கூடுதல் சம்பளத்தோடு ஹாலே. மனுஷர் கோனிக்ஸ்பெர்க்கை விட்டு அசையவில்லை. "நம்பிச் சேரலாம்" என்று தலையாட்டுவார். அடுத்த நொடியே முகம் சுருங்கும்: "ஆனாலும் ஒற்றை ஆளை நம்பிப் போகக் கூடாது. அவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால்?"

விண்ணப்பிக்கிறவர்கள் இவரைத் தாராளமாகக் கேட்கலாம்; வயதுக் கணக்கு தப்பாது. ஆனால் சேர்வதா இல்லையா என்று ஏப்ரல் 15-க்குள் முடிவு சொல்லும் முன், லத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தருவார்களா, கொடுத்த அத்தியாயத்தை வழிகாட்டி எத்தனை மாதத்தில் படித்துத் தருவார் என்பதை அந்தந்தத் துறை மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள். இவரிடம் கேட்டுப் பயனில்லை. இவர் இன்னும் அத்தியாயம் எதையும் கொடுத்ததில்லை.