சோழசிங்கபுரத்துச் சிங்க நாயும் உதிராமைக் கோட்பாடும்

முடியை ஆராய்வதற்குச் சோளிங்கரைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. ஊர்ப்பற்றில் சொல்வதாக நினைக்க வேண்டாம். வரைபடத்தை விரித்துப் பார்க்கலாம். வடகிழக்கே திருத்தணி, அதற்கும் வடக்கே திருப்பதி. அங்கெல்லாம் ஜனங்கள் தாங்களாகவே வரிசையில் நின்று, தலையைக் குனிந்து, முடியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தென்மேற்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், இன்னும் போனால் ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் இருக்கிற முடியை நீக்குவது தலைமுறை தலைமுறையாக நடக்கும் தொழில். ஆக, ஒரு பக்கம் பக்தியால் முடி போகிறது. மறுபக்கம் சுண்ணாம்பால் போகிறது. இரண்டுக்கும் நடுவே, கொண்டபாளையத்தில் மலையடிவாரத்து வீடு ஒன்றுக்கு, முடி போகவே போகாது என்ற உத்தரவாதத்தோடு ஒரு நாய் வந்து சேர்ந்தது. வீடு என்னுடையது. உத்தரவாதம் விற்றவருடையது.

நாய் கேட்டவள் மகள். ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறாள். மாலையில் வீடு திரும்பும்போது வாலாட்ட ஒரு ஜீவன் வேண்டுமாம். மனைவி யோசித்து ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: "சாப்பாட்டுல ஒரு முடி வந்தாலும் சரி, அது யாருதோ அவங்க வெளிய போயிடணும்." ஆய்வுலகில் இதைத்தான் கருதுகோளின் எல்லை என்பார்கள். என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் நைனா, திண்ணையிலிருந்தபடியே கருதுகோளை உடைத்தார்: "முப்பது வருஷம் தோல் ஷாப்புல மயிர் எடுத்தவன் நானு. மயிர்னு இருந்தா வரும்டா. வராத மயிரு இன்னா மயிரு?"

கலைச்சொல் சிக்கல்

நைனா வாயில் வந்த சொல்லை இந்தக் கட்டுரை இனி தவிர்க்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழந்தமிழில் மரியாதையாக வாழ்ந்த சொல் அது. வள்ளுவரே 'மானம்' அதிகாரத்தில், 969-ஆம் குறளில், கூசாமல் எடுத்தாண்டிருக்கிறார். பிற்பாடு எப்படியோ சண்டைக்குப் போய்க் கெட்டுவிட்டது. இன்று தலையில் இருப்பது முடி, ஷாம்பு விளம்பரத்தில் வருவது கேசம், நாய் மேல் இருப்பது ரோமம். பழைய சொல்லைத் தொழில் சொல்லாக, கொல்லன் இரும்பு என்பதுபோல, கோபதாபம் இல்லாமல் சொல்பவர் எங்கள் தெருவில் நைனா ஒருவர்தான்.

அந்தக் குறளை உரையாசிரியர்கள் மானத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். ஆய்வாளன் அப்படி நகர முடியாது. ரோமம் போனால் உயிரையே விட்டுவிடும் விலங்கு கவரிமா என்கிறார் வள்ளுவர். உதிர்க்காத விலங்கைப் பற்றிய நம் முதல் பதிவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து அகராதியைப் புரட்டினால் 'எகினம்' என்றொரு சொல். அன்னம், புளியமரம் என்று பல பொருள் சொல்லி, கவரிமா என்றும் நாய் என்றும் சேர்த்தே சொல்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், உதிராத நாயைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்ற முடிவுக்கு வராமல் இருப்பது கடினம். நான் வந்துவிட்டேன். மனைவி வரவில்லை.

இனத் தேர்வு

தமிழ்நாட்டுக்குச் சொந்த நாய் இல்லாமலா? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் பெற்றவை இருக்கின்றன; ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலையே வந்தது. ஆனால் அவை ஓடப் பிறந்தவை. எங்கள் கூடம் பதினோரு அடி. தவிர, குட்டை ரோமம் உதிராது என்பது பரவலான மூடநம்பிக்கை. உதிரும், ஊசி மாதிரி துணியில் குத்திக்கொண்டு நிற்கும்.

அடுத்தது பொமரேனியன். ஒரு காலத்தில் தமிழ் நடுத்தர வீட்டு வாசல்தோறும் ஜிம்மி என்ற பெயரில் கட்டிக்கிடந்தது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அடியில் பஞ்சும் மேலே நீள ரோமமுமாக அதற்கு இரட்டைப் போர்வை. பருவம் மாறும்போது அடிப்பஞ்சைக் கொட்டும் பாருங்கள், இலவம் வெடித்தது போலிருக்கும்.

இங்கே கொஞ்சம் அறிவியல். எந்த ரோமமும் வளரும், ஓய்வெடுக்கும், விழும். வேரிலிருந்து புதியது கிளம்பும். பொமரேனியன் வகைக்கு வளரும் காலம் குறைவு, ஓய்வு அதிகம். எனவே கூட்டமாக விழும். பூடில், மால்டீஸ், லாசா அப்சோ, ஷிட்சூ போன்றவற்றுக்கு வளரும் காலம் நீளம், நம் தலைமுடி மாதிரி. விழுவது குறைவு, வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்துவிட்டு, நாய் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிப்பதாகச் சொன்னது: ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, மூன்றாவது மீசைக்கும் புருவத்துக்கும். அந்த மீசை மரபணுவுக்கு உதிர்வைக் குறைப்பதிலும் பங்குண்டு என்று பின்னால் தெரிந்தது. ஆகவே முடி கொட்டாத நாய் வேண்டுவோர் முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும். தாத்தா மாதிரி மீசை தாடியோடு இருந்தால் நல்ல சகுனம்.

மகள் ஷிட்சூ என்றாள். பேரைக் கேட்டதும் நான் சம்மதித்துவிட்டேன். சீன மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். திபெத்திலிருந்து சீன அரண்மனைக்குப் போன சிங்க நாய் என்பது அதன் குலவரலாறு. எங்கள் ஊரோ சோழசிங்கபுரம். அது தேய்ந்துதான் சோளிங்கர் ஆயிற்று. பெரிய மலையில் உட்கார்ந்திருப்பவரோ யோக நரசிம்மர். இத்தனை சிங்கங்கள் ஒரே இடத்தில் கூடும்போது மறுக்க நான் யார்? 'ஷிட்சூ' நைனாவுக்கு வாயில் நுழையவில்லை. "சித்து" என்றார். அதுவே பெயராயிற்று.

வாங்குதல்

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் இப்படிச் சொல்கின்றன. எங்களுக்கு விற்றவர் அந்த விதிகளைக் கேள்விப்பட்டவர்போல் தெரியவில்லை. "ஒரு முடி கொட்டாது சார், எழுதியே தரேன்" என்றார். எழுதித் தரவில்லை. தாய் நாயைக் காட்டச் சொன்னதற்கு அது ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நாய் எந்த ஊருக்குப் போகும் என்று கேட்கத் தோன்றாமல் நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்தாவது மற்றவர்கள் திருந்தட்டும்: குட்டியாக இருக்கும்போது எல்லாமே பஞ்சுப் பொதிதான், பெரிதானபின் எப்படி உதிர்க்கும் என்பதைத் தாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தும்மலுக்காக உதிராத நாய் வாங்குவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வாமை தருவது ரோமம் அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். 2012-இல் நெதர்லாந்தில், ஒவ்வாமை தராது என்று பேர் வாங்கிய இனங்களின் ரோமத்தைச் சோதித்தார்கள். மற்ற நாய்களைவிட அவற்றில்தான் அந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. ஆக, வாங்குவதற்கு முன்பே அப்படியொரு நாய் இருக்கும் வீட்டில் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தும்மிப் பார்த்துவிடுவது மேல்.

பராமரிப்பு

எங்கள் ஊரின் பழைய பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். அவ்வளவு நேரம் இங்கே தங்கினாலே மோட்சம் என்பது ஐதீகம். ஷிட்சூவின் ரோமத்தைச் சிக்கெடுக்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கடிகாரம் வைத்து அளந்தேன். ஒரு கடிகை. வேறு எந்த ஊரில் ஆராய்ந்திருந்தாலும் இந்த ஒற்றுமை கண்ணில் பட்டிருக்காது. (திருக்கடிகையில் கடிக்காத நாய் என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.)

இந்தச் சிக்கெடுப்பில்தான் கோட்பாட்டின் உயிர் இருக்கிறது. சித்துவின் ரோமமும் உதிரத்தான் செய்கிறது. ஆனால் தரைக்கு வருவதில்லை. பக்கத்து ரோமத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்குகிறது. இரண்டு நாள் விட்டால் காதுக்குப் பின்னால், அக்குளில், பின்னங்காலில் உருண்டை உருண்டையாகச் சிக்கு. நாலு நாள் விட்டால் கம்பளி. சிக்கு இறுகினால் தோலை இழுக்கும், அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். உதிராத நாய் என்பது உதிர்ந்ததைக் கீழே போடாத நாய். பெருக்குமாறு செய்ய வேண்டிய வேலை சீப்புக்கு மாறுகிறது, அவ்வளவே. விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னார்.

சீப்பு வேலையை முதலில் நான் எடுத்துக்கொண்டேன். 1781 செப்டம்பரில் ஐதர் அலிக்கும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்ததற்குப் பிறகு சோளிங்கரில் நடந்த பெரிய சண்டை அதுதான். மூன்றாம் நாள் நைனா பொறுக்காமல் சீப்பைப் பிடுங்கினார். "இழுக்காதடா. வேர் தானா இளகினாத்தான் கைக்கு வரும். முன்னாடியே இழுத்தா தோலு கெட்டுப்பூடும்." தோல் ஷாப்பில் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்த்த கூழை ஆட்டுத் தோலின் உள்பக்கம் தடவி, மடித்து அடுக்கி வைப்பார்கள். வேர் தளர்ந்தபின்தான் கத்தி. அவசரப்பட்டவன் கூலியை இழப்பான். அந்தப் பொறுமையோடு சிக்கை நுனியிலிருந்து விரலால் பிரித்துப் பிரித்து, கடைசியில்தான் சீப்பை விட்டார். சித்து தூங்கிவிட்டது. அன்றிலிருந்து காலை ஆறரைக்குத் திண்ணையில் அவர்களுக்கு ஒரு கடிகை. மலைப் படிக்கட்டில் பக்தர்களின் பையைப் பறிக்கும் குரங்குகளில் ஒன்று எதிர்ச்சுவரில் வந்து உட்கார்ந்து, வேலையை முழுக்கப் பார்த்துவிட்டுப் போகும். ரோமத்தைப் பிரித்துப் பார்ப்பதில் அதைவிட அனுபவசாலி யார்?

நீளமாக விட்டால் நெற்றி ரோமம் கண்ணில் குத்தும். ரப்பர் போட்டுக் குடுமி கட்ட வேண்டும். கண்ணீர் வழிந்து மூக்கோரம் செம்பழுப்புக் கறை படியும். கண்ணீரில் உள்ள நிறமிதான் காரணம், தினமும் வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்தால் குறையும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான ஊரில் குடுமியோடும் கறையோடும் ஒரு நாய் உலவினால் என்ன ஆகும் என்பதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "நாமத்துக்குப் பாதம் இருக்கே. தென்கலைதான்" என்றார். மறுப்பு வரவில்லை.

ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை ரோமம் வெட்ட வேண்டும். ஒருமுறை நாய் சலூன் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அளவாகக் குறைக்கச் சொன்னோம். சந்தனம் பூசாத குறையாக மொட்டையோடு திரும்பி வந்தது. வழியில் இருவர் எந்த வேண்டுதல் என்று விசாரித்தார்கள். ஒட்ட மழித்தால் வெயில் நேராகத் தோலில் இறங்கும் என்று கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார்.

வெயில் விளையாட்டுக் காரியமில்லை. எங்கள் பக்கத்துக் கத்திரி வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சப்பை மூக்கு ஷிட்சூவுக்கு அந்த மூச்சும் குறை. ஆகவே நடை என்றால் விடியலில், இல்லையேல் பொழுது சாய்ந்து தார் ஆறியபின். புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மத்தியானத்தில் மேல்மூச்சு வாங்கித் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்து, விசிறிவிட்டு, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. கேசரியில் கிடக்கும் உலர்திராட்சையும் திராட்சைதான்; பண்டிகை நாளில் இதை யாரும் நினைப்பதில்லை. மாதம் தவறாமல் உண்ணிக்கு மருந்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்க்கு, அப்புறம் வருடா வருடம். நம் ஷாம்பு அதன் தோலுக்கு ஆகாது. என் மகளின் ஷாம்பு எனக்கும் ஆகவில்லை, ஆனால் அது தனி ஆய்வு.

பரிசோதனை

உதிராமையை அளக்க இரண்டு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் சீப்பில் வந்தது. மற்றதில் தரையைப் பெருக்கும்போது கிடைத்தது. ஒரு மாதம். சீப்பு பாட்டில் பத்தே நாளில் நிரம்பி, அமுக்கி அமுக்கி வைக்க வேண்டியதாயிற்று. அது எதிர்பார்த்தது. தரை பாட்டில்தான் குழப்பியது. அதிலும் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. சித்து வெள்ளை. பாட்டிலில் இருந்ததும் பெரும்பாலும் வெள்ளை.

அந்த நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசத்தில் ஒன்று வந்தது.

மனைவி அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்தாள். மகள் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் தரை பாட்டிலைச் சான்றாகக் கொண்டுவந்து, உதிராமைக் கோட்பாடு தோற்றதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவும், சித்துவை மகளின் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பேசவும் தயாரானேன். அதற்குள் நைனா கையை நீட்டினார். ரசத்தில் வந்ததைத் துடைத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். பாட்டிலைத் திறந்து ஒரு பிடி எடுத்து அதையும் உருட்டினார். முப்பது வருஷம் ராணிப்பேட்டையில் கண்ணை மூடிக்கொண்டே தரம் பிரித்த விரல்கள்.

"இது ஆட்டு மயிரும் இல்ல, நாய் மயிரும் இல்ல" என்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். "உன்னுது."